முதலாளிக்கு விடுமுறை அளிப்பவர் யார்?

பின்லாந்து தேசத்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் 1974-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஒரு வைத்திய ஆராய்ச்சி, தொடங்கியவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்விரோதமான முடிவைத் தந்து அவர்களை நெடுங்காலம் திகைக்க வைத்தது. 1919-க்கும் 1934-க்கும் இடையில் பிறந்து, வியாபாரத்திலும் நிர்வாகத்திலும் உயர்ந்த பொறுப்புகளை வகித்து, நடுவயதை எட்டியிருந்த 1,222 ஆண்களை அதற்கெனத் தேர்ந்தெடுத்தார்கள். புகை பிடிக்கும் வழக்கம், மிகுந்த ரத்த அழுத்தம், ரத்தத்தில் மிகுதியான கொழுப்பு, உடற்பருமன் முதலியவற்றுள் ஒன்றாவது அவர்கள் ஒவ்வொருவரிடத்தும் இருந்தமையால், பிற்காலத்தில் இருதய நோய் தாக்கக்கூடும் என்ற அச்சத்துக்கு இடமிருந்தது. அவர்களை ஏறக்குறையச் சமமான இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினரை அவரவர் வழக்கப்படி வாழ விட்டுவிட்டு, மற்றப் பிரிவினருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை உணவையும் உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் புகை விலக்கையும் பற்றி வாய்மொழியாகவும் எழுத்து மூலமாகவும் உபதேசம் செய்து, உபதேசம் பலிக்காத இடத்தில் மருந்தும் கொடுத்து, ஐந்து ஆண்டுகள் கண்ணும் கருத்துமாகக் கவனித்து வந்தார்கள்.

ஐந்தாண்டு முடிவில் எல்லாம் நன்றாகவே தோன்றிற்று. உபதேசம் பெற்றவர்களுக்கு இருதய நோய் வருவதற்கான அபாயம் மற்றவர்களைவிட 46 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆனால் 1989-இல், அதாவது பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின், உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் எண்ணிப் பார்த்தபோது, நல்வாழ்வுக்கு வழி கற்பிக்கப்பெற்ற பிரிவிலேதான் மரணங்கள் அதிகம் என்பது தெரியவந்தது. ஐயமெழுந்து திரும்பத் திரும்பப் பார்த்தும் அந்த முடிவு மாறவில்லை.

இந்தப் புதிருக்கு ஒரு விடையை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெட்டியில் கிடந்த பழைய விவரங்களிலிருந்து டிமோ ஸ்ட்ராண்ட்பெர்க் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் 2018-இல் எடுத்துக் காட்டினார்கள். ஆராய்ச்சியின் தொடக்கத்திலேயே அந்த வியாபாரிகளிடம் எவ்வளவு நேரம் வேலை செய்கிறீர்கள், எவ்வளவு நேரம் தூங்குகிறீர்கள், ஆண்டுக்கு எத்தனை வாரம் விடுமுறை கொள்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பை ஆராய்ந்து வெளியிட ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது ஆராய்ந்தபோது, உபதேசம் பெற்ற பிரிவிலே ஆண்டுக்கு மூன்று வாரமோ அதற்குக் குறைவாகவோ விடுமுறை எடுத்தவர்கள், மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவர்களைக் காட்டிலும், அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இறப்பதற்கு 37 சதவிகிதம் அதிக வாய்ப்புடையவர்களாக இருந்தார்கள். விடுமுறை குறைந்தவர்களே வேலை மிகுந்தவர்களாகவும் தூக்கம் குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். மற்றப் பிரிவிலோ விடுமுறையின் அளவால் இத்தகைய வேறுபாடு ஏதும் காணப்படவில்லை. ஏற்கெனவே மூச்சுவிட அவகாசமின்றி உழன்றுகொண்டிருந்த மனிதனுக்கு, இதை உண்ணாதே, அதைச் செய், அடுத்த பரீட்சைக்குள் இத்தனை எடை குறைந்து வா என்று அறிவுறுத்தியதே மேலும் ஒரு சுமையாகி, விளைந்த நன்மையையும் விழுங்கிவிட்டிருக்கலாம் என்பது ஸ்ட்ராண்ட்பெர்க்கின் ஊகம்.

ஊகம் என்ற சொல்லை நாம் அழுத்தியே சொல்ல வேண்டும். விடுமுறை கொள்ளக்கூடியவன் பெரும்பாலும் கடன் குறைந்தவனாகவும், நம்பிக்கையான உதவியாளர்களைப் பெற்றவனாகவும், குடும்பத்தில் நிம்மதி உடையவனாகவும் இருப்பான் ஆதலால், அவன் நீண்ட நாள் வாழ்ந்ததற்கு விடுமுறைதான் காரணம் என்று அடித்துக் கூற விஞ்ஞானம் இடந்தராது. எனினும் அமெரிக்காவில் இருதய நோய் அபாயமுடைய 12,338 நடுவயது ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, புரூக்ஸ் கம்ப், கேரன் மாத்யூஸ் என்ற இருவர் 2000-இல் வெளியிட்ட கணக்கிலும், ஆண்டுதோறும் தவறாமல் விடுமுறை கொண்டவர்களிடையே மரணம் குறைவாகவே இருந்தது. சமுத்திரத்தின் இரு கரைகளிலும் ஒரே திசையைக் காட்டும் இரண்டு கணக்குகளை அலட்சியம் செய்வது விவேகமாகாது.

இனி, இதன் காரணத்தைச் சரீர சாஸ்திரத்தில் தேடுவோம். வியன்னாவில் பிறந்து கனடா தேசத்து மான்ட்ரியலில் பணிபுரிந்த ஹான்ஸ் செலி என்பவர், புதியதொரு ஹார்மோனைக் கண்டுபிடிக்கும் ஆவலோடு எலிகளின் உடம்பில் வெவ்வேறு திரவங்களைச் செலுத்திப் பார்த்தார். எதைச் செலுத்தினாலும் எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. தைமஸ் சுரப்பி சுருங்கிற்று. இரைப்பையில் புண் கண்டது. தேடிய ஹார்மோன் கிடைக்கவில்லை. ஆனால் துன்பம் எதுவாயினும் உடல் அதற்கு ஒரே விதமாகவே மறுமொழி சொல்கிறது என்ற கருத்து கிடைத்தது. முதலில் திடுக்கிட்டு எழும் நிலை, பிறகு தாக்குப்பிடித்து நிற்கும் நிலை, கடைசியில் சக்தியனைத்தும் வற்றிப்போகும் நிலை என்று அவர் 1936-இல் வகுத்தார். இரண்டாவது நிலைதான் நம்மை ஏமாற்றுவது. அந்த நிலையில் இருப்பவன் பார்ப்பதற்குச் சுறுசுறுப்பின் சிகரமாகத் தோன்றுவான். ‘எனக்கு நான்கு மணி நேரத் தூக்கம் போதும்’ என்று பெருமை பேசுவான். அவனைச் சுற்றியிருப்பவர்களும் அதை நம்புவார்கள்.

அபாயத்தை மூளை உணர்ந்ததும் ஹைபோதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்கும், பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிகளுக்கும் ஆணை அனுப்ப, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. ஆரோக்கியமான உடம்பில் இது விழித்தெழுந்த சற்று நேரத்தில் உச்சத்தை எட்டிப் பிறகு படிப்படியாகத் தாழ்ந்து, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த அளவை அடையும். இப்படித் தணிவதற்கு அபாய உணர்வு ஓய வேண்டும். கூலிக்கு உழைப்பவனுக்கு ஆலைச் சங்கு ஊதியதும் வேலை முடிந்துவிடுகிறது. கடைக்காரனுக்கும் தொழிற்சாலையின் ஸ்தாபகனுக்கும் சங்கு ஊதுவோர் யாருமில்லை. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய சம்பளமும், வங்கியில் கட்ட வேண்டிய வட்டியும், சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராத வாடிக்கைக்காரனும் படுக்கையறை வரை கூட வருகின்றனர். ஹாலந்து தேசத்து லைடன் நகரில் பணிபுரிந்த பிராஸ்ஷாட் என்ற உளநூலாரும் அவருடைய தோழர்களும் 2006-இல் விளக்கியபடி, கவலை தரும் நிகழ்ச்சி முடிந்த பிறகும் அதையே மனம் அசைபோட்டுக்கொண்டிருக்குமாயின், உடம்பு அந்த நிகழ்ச்சி இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவே பாவித்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்தியே வைத்திருக்கிறது. ஆகவே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வட்டிக் கணக்குப் போடும் முதலாளி, உடம்பின் கணக்குப்படி, வேலை செய்துகொண்டேதான் இருக்கிறார்.

இவ்வாறு ஓயாமல் எரிந்து தீர்வதன் விளைவை, ஹெல்சிங்கி ஆராய்ச்சி தொடங்கிய அதே 1974-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்து ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர் என்ற உளநூல் வைத்தியர் ஒரு கட்டுரையாக எழுதினார். இன்று உலகமெங்கும் பர்ன்-அவுட் என்று வழங்கும் பணிச்சோர்வைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். பகலெல்லாம் தம் சொந்த வைத்திய சாலையில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் போதைப்பொருளுக்கு அடிமையான இளைஞர்களுக்கென நடந்த இலவச வைத்திய சாலைக்குச் சென்று இரவு வெகுநேரம் வரை உழைத்து வந்தவர் அவர். அங்கே வந்த தொண்டர்களுள் பணியில் பக்தி மிகுந்தவர்களே சில மாதங்களில் எரிச்சலும் ஏளனமும் களைப்பும் கொண்டு வாடிப்போனார்கள். அவரே குடும்பத்தோடு விடுமுறைக்குப் புறப்பட வேண்டிய நாளில் படுக்கையை விட்டு எழ இயலாமல் கிடந்தவர். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அம்மையார் 1981-இல் இந்தச் சோர்வை அளக்க ஒரு வினாத்தொகுதியை அமைத்தபோது, உள்ளம் வறண்டுபோதல், பிற மனிதரை ஜடப்பொருள்போல் நடத்துதல், தாம் செய்வதில் பயனில்லை என்று எண்ணுதல் என மூன்று கூறுகளைக் கண்டார். 2019-இல் உலக சுகாதார ஸ்தாபனமும் இதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் நோய் என்று சொல்லாமல் தொழிலால் விளையும் ஒரு நிலை என்றே வகைப்படுத்திற்று.

அப்படியானால் களைப்புத் தோன்றும்போது ஓய்வு கொள்ளலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது; பதில்தான் சங்கடமானது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கன் முதலியோர் 2003-இல் வெளியிட்ட பரிசோதனையில், சிலரைத் தொடர்ந்து பதினான்கு நாட்கள் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே தூங்கவிட்டுக் கவனித்தார்கள். நாளுக்கு நாள் அவர்களுடைய கவனமும் ஞாபகமும் தேய்ந்து, முடிவில் ஓரிரண்டு இரவுகள் கண்ணையே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டன. வியப்பு என்னவெனில், தூக்கக் கலக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, முதற் சில நாட்களுக்குப் பிறகு அது அதிகமாகவில்லை என்றே சொல்லி வந்தார்கள். களைப்பை அளக்க வேண்டிய கருவியும் களைத்துப்போன அந்த மூளையேதான். தேய்ந்த படிக்கல்லை அதே கல்லைக்கொண்டு நிறுத்துப் பார்த்தால் எடை சரியாகத்தானே இருக்கும்!

முதலாளிமார்கள் கவனிக்க வேண்டிய மற்றொரு பரிசோதனை பாரிஸ் நகரத்தில் நடந்து 2022-இல் வெளிவந்தது. வீலர், பெசிக்லியோன் முதலியோர் ஒரு சாராருக்குக் கடினமான மூளை வேலையையும், மற்றொரு சாராருக்கு எளிய வேலையையும் ஏறக்குறைய ஒரு முழு வேலை நாள் அளவுக்குக் கொடுத்து, இடையிடையே மூளையின் ரசாயனத்தை அளந்தார்கள். கடின வேலை செய்தவர்களின் மூளையில், யோசித்து முடிவெடுப்பதற்கு ஆதாரமான முன்புறப் பகுதியில், குளுட்டமேட் என்ற பொருள் மிகுதியாகச் சேர்ந்திருந்தது. அதோடு, பிறகு கிடைக்கும் பெருந்தொகையா, உடனே கிடைக்கும் சிறுதொகையா என்று கேட்டபோது, அவர்கள் நேரம் செல்லச் செல்ல உடனே கிடைப்பதன் பக்கமே அதிகமாகச் சாய்ந்தார்கள். ஒரு குமாஸ்தா களைத்தால் ஒரு கடிதத்தில் பிழை நேரும். ஸ்தாபகர் களைத்தாலோ பத்து ஆண்டுப் பயனை விற்று இந்த மாதத்து ரொக்கத்தை வாங்கிவிடுவார். அப்படி விற்றதை அவர் சாமர்த்தியம் என்றும் எண்ணக்கூடும்.

நீண்ட நேரம் உழைத்தால் உற்பத்தியாவது பெருகுகிறதா என்றால், அதுவும் ஓர் எல்லை வரைதான். முதலாம் உலக யுத்தத்தில் பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் எடுத்து வைத்த குறிப்புகளை, ஜான் பென்கவல் என்ற பொருளாதார அறிஞர் ஒரு நூற்றாண்டு கழித்து ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை உழைப்புக்கு ஏற்ற விளைவு இருந்தது. அதற்குமேல் பலன் சுருங்கிற்று. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்தது 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்ததைவிட அதிகமென்று சொல்வதற்கில்லை.

ஓய்வு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்பவர்களும், அதற்குப் பிரயாணம் எதற்கு, வீட்டிலேயே இருக்கலாகாதா என்று கேட்பதுண்டு. ஸ்காத்லாந்தின் கடற்கரையில் கோடன், பாட்லி என்ற இருவர் 1975-இல் செய்த வேடிக்கையான சோதனை ஒன்று இதற்கு விடை சொல்ல உதவும். நீரில் மூழ்கிப் பழகியவர்களுக்குச் சில சொற்களைக் கடலடியிலும் சில சொற்களைக் கரையிலும் கற்பித்துப் பிறகு சோதித்தார்கள். கடலடியில் கற்றவை கடலடியிலும், கரையில் கற்றவை கரையிலும் நன்கு நினைவுக்கு வந்தன. இடம் மாறியபோது நினைவு மங்கிற்று. சுற்றுப்புறமே ஞாபகத்தின் திறவுகோல் என்பது இதனால் விளங்கும். இதிலிருந்து நான் கொள்ளும் அபிப்பிராயம் இது: வீட்டுத் திண்ணையும் மேஜையும் தெருமுனையும் முதலாளிக்குத் தம் தொழிலைப் பற்றிய கவலைகளை ஓயாமல் நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன; அந்தக் கவலைகளை மறக்க வேண்டும் என்று யத்தனம் செய்வதைக் காட்டிலும், அந்த இடங்கள் கண்ணில் படாத ஊருக்குப் போய்விடுவது சுலபம். ஜெர்மானிய உளநூலாராகிய ஸபீன் ஸொன்னென்டாக் பல்லாண்டு ஆராய்ச்சியால் நிலைநாட்டியதும், உடல் வேலையை விட்டு விலகியிருந்தால் மட்டும் போதாது, மனமும் விலகியிருந்தால்தான் களைப்புத் தீர்கிறது என்பதையே. கைப்பேசியில் மணிக்கொரு தரம் ஆபீஸை விசாரிக்கிறவர் ஊட்டிக்குப் போனாலும் ஆபீஸில்தான் இருக்கிறார்.

இடம் மாறுவதால் கவலை விலகுவதோடு, புதிய எண்ணமும் பிறப்பதுண்டு. பிரெஞ்சுக் கணித மேதையான ஹென்றி பாயின்கரே, நாட்கணக்கில் முட்டி மோதிய ஒரு கணித ஆராய்ச்சியை அடியோடு மறந்து, சுரங்கக் கல்லூரியார் ஏற்பாடு செய்த பூகர்ப்ப யாத்திரையில் கலந்துகொண்டு, கூட்டான்ஸ் என்ற ஊரில் வண்டிப் படியில் காலை வைத்த அந்தக் கணத்தில் அதைப் பற்றிய புதிய எண்ணம் ஒன்று தானாகவே வந்து நின்றதைத் தாமே 1908-இல் விவரித்திருக்கிறார். முன்பு பட்ட பாடு இல்லாமல் அந்த எண்ணம் வந்திராது என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. உழையாதவனுக்கு யாத்திரை ஒன்றையும் கொடுப்பதில்லை.

பிரயாணத்தைப் பற்றிய புகழ்ச்சியை இங்கே சிறிது அடக்கிக்கொள்ள வேண்டும். பழகாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி, முக்கியமாக இடப்பாதி, காவலாள்போல் ஓரளவு விழித்தே இருக்கிறது என்று பிரௌன் பல்கலைக்கழகத்தில் தமாக்கியும் சசாக்கியும் 2016-இல் காட்டினார்கள். எனவே நாளுக்கோர் ஊர் என்று பத்து ஸ்தலங்களைப் பத்து நாளில் பார்த்துத் திரும்புகிறவர், பத்து முதல் இரவுகளைக் கழித்துவிட்டு வருகிறார். வியாபார நிமித்தமாக விமானத்தில் பறப்பதையும் ஓய்வுக் கணக்கில் சேர்க்க முடியாது. ஹாலந்தில் ஜெசிக்கா த ப்ளூம் என்ற ஆராய்ச்சியாளர், மூன்று வாரத்துக்கும் சற்று மேற்பட்ட நீண்ட விடுமுறைகளைக் கவனித்ததில், மனமும் உடலும் விரைவாகத் தெளிந்து ஏறக்குறைய எட்டாம் நாளில் உச்சத்தை அடைவதையும், வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே அந்தத் தெளிவு மறைந்துவிடுவதையும் கண்டார். பத்தாண்டுக்கு ஒருமுறை செல்லும் உலக யாத்திரையைவிட, ஆண்டில் இரண்டு மூன்று முறை ஒரு வாரம் ஓரிடத்தில் தங்குவது மேல் என்பதே இதிலிருந்து நாம் பெறும் நடைமுறை உண்மை.

விடுமுறையே கொள்ளாமல் கோடீஸ்வரர் ஆனவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பில் கேட்ஸ் தம் இளமையில் ஊழியர்களின் கார் எண்களை மனப்பாடம் செய்து வைத்திருந்து, யார் எப்போது புறப்பட்டுப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். அவரே 2023-இல் ஒரு பட்டமளிப்பு விழாவில், விடுமுறையில் நம்பிக்கையின்றி இருந்த தமக்குத் தந்தையான பிறகுதான் புத்தி வந்தது என்று மாணவர்களிடம் ஒப்புக்கொண்டார். எனக்கு அவரைவிட ஜப்பானியத் தொழிலதிபர் மட்சுஷிடா கோனோசுகே இந்த விஷயத்தில் நல்ல உதாரணமாகத் தோன்றுகிறார். 1894-இல் பிறந்து, 1918-இல் ஒஸாக்காவில் சிறு பட்டறையாகத் தொடங்கி, பின்னாளில் பானாஸானிக் என்று உலகறிந்த ஸ்தாபனத்தை வளர்த்த அவருக்கு இளமை முதலே நுரையீரல் பலவீனம். எல்லா இடத்திலும் தாமே நிற்பதற்கு உடம்பு இடங்கொடாத நிலையில், 1933-இல் தொழிலைத் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் லாப நஷ்டத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். 1951-இல், தம் ஐம்பத்தாறாம் வயதில், முதன்முறையாக வெளிநாடு புறப்பட்டு, ஒரு மாதத்துக்கென்று போன அமெரிக்காவில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கிவிட்டார். முதலாளி மூன்று மாதம் ஊரில் இல்லாமலே தொழில் நடந்தது. ஏனெனில் அப்படி நடப்பதற்கு வேண்டிய ஏற்பாட்டைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவர் செய்துவிட்டிருந்தார். அடுத்த ஆண்டில் ஹாலந்தின் பிலிப்ஸ் ஸ்தாபனத்தோடு கூட்டுச் சேர்ந்தார்; 1965-இல் தம் தொழிலாளர்களுக்கு வாரம் ஐந்து நாள் வேலை என்ற முறையைக் கொண்டுவந்து, விடுமுறை நாள் இரண்டில் ஒன்றை ஓய்வுக்கும் மற்றொன்றைக் கல்விக்கும் செலவிடச் சொன்னார். பலவீனமான உடம்போடு பிறந்த அந்த மனிதர் 94 வயது வரை வாழ்ந்தார்.

மட்சுஷிடாவுக்கு ஆட்கள் இருந்தார்கள். ஒற்றை ஆளாய்க் கடை நடத்துகிறவன் என்ன செய்வான்? இந்த ஆட்சேபத்துக்கு உளநூல் ஒன்றும் சொல்லாது. சமூக ஏற்பாடுதான் பதில் சொல்ல வேண்டும். நான் ஒருவன் மூடினால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும் என்ற பயம் உண்மையான பயமே. ஆயினும் எல்லோரும் முறைவைத்து மூடினால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. பாரிஸ் நகரத்து ரொட்டிக் கடைக்காரர்கள் கோடைக் காலத்தில் பாதிப் பேர் ஜூலையிலும் பாதிப் பேர் ஆகஸ்டிலும் விடுமுறை கொள்ள வேண்டும் என்ற விதி 2014 வரை அமலில் இருந்தது. ஊருக்கு ரொட்டியும் தடைப்படவில்லை, கடைக்காரருக்கு விடுமுறையும் கிடைத்தது. நம் நாட்டில் 1947-ஆம் ஆண்டுச் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், வாரத்தில் ஒருநாள் கடையை முழுவதும் மூடவேண்டும் என்று விதித்தது. சிப்பந்திகளின் பொருட்டு இயற்றப்பட்ட அந்த விதியால், தாமே தமக்கு விடுமுறை அளித்துக்கொள்ளத் தெரியாத முதலாளியும் ஒருநாள் வீட்டிலிருக்க நேர்ந்தது. பிற்காலத்தில் ஆண்டு முழுவதும் கடை திறந்திருக்க அனுமதி கிடைத்ததை வியாபார உலகம் வெற்றியாகக் கொண்டாடியது. அந்த வெற்றியில் சிறு கடைக்காரருக்கு எவ்வளவு பங்கு என்பது எனக்குச் சந்தேகமே.

தொழில் நடத்தும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உடம்பு கேட்கும்போது ஓய்வு கொடுக்கலாம் என்று காத்திராதீர்கள். அது சரியான சமயத்தில் கேட்பதில்லை என்பதை மேலே பார்த்தோம். இந்த ஆண்டு நாட்காட்டியில் ஒரு வாரத்தை இப்போதே வட்டமிட்டு, அந்த வாரத்தில் காசோலையில் கையொப்பமிடுபவர் யார், சரக்கு இறக்குபவர் யார், வாடிக்கைக்காரருக்குப் பதில் சொல்பவர் யார் என்று பெயர்களை எழுதி வையுங்கள். எழுதுவதற்குப் பெயர் ஒன்றும் அகப்படாவிட்டால், விடுமுறை பிறகு இருக்கட்டும். அந்த ஆளைத் தேடிப் பழக்கும் காரியத்தை நாளைக்கே தொடங்குங்கள்.